நெரியாவின் சனிக்கிழமை விரல்

அந்தப் பள்ளியில் யூத சமயப் பாடம் எடுத்த நான்கு பேரில் ஒருவர்கூட அதற்கென்று படித்தவர் இல்லை. படித்தவர்கள் உஸ்பெகிஸ்தானில் இருக்கும் புகாராவை விட்டு விமானம் ஏறி வருஷக்கணக்காகிவிட்டது. ஓஷர் நாற்பது வருஷம் முடிதிருத்தியவர். ஜெபங்கள் அத்தனையும் மனப்பாடம், எழுத்து மட்டும் தெரியாது. பண்டிகைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவன் கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிப்பவன். செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு பல் டாக்டர் வருவார். மீதியெல்லாம் இஸ்தாம் தலையில். ஓய்வுநாள் சட்டங்கள், எபிரேய எழுத்து, வேத நூலான தோராவின் கதைகள் எல்லாம் அவள்தான்.

இஸ்தாம் கணக்கு டீச்சர். அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருஷம். ஆட்கள் குறைந்து அவள் பாடம் எடுத்த ரஷ்ய வழி வகுப்புகளை மூடி வேலை போனபோது அவளுக்கு வயது ஐம்பது. ஒரு குழந்தைப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து எபிரேய எழுத்துகளைத் தானே படித்தாள். மூன்று மாதத்தில் வாசிக்க வந்துவிட்டது. பொருள் புரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது. இரண்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறாள். ஆனாலும் தனக்குத் தெரிவது நேற்றுத் தெரிந்துகொண்டதுதானே என்ற நினைப்பு ஒவ்வொரு வகுப்பிலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செப்டம்பரில் ஒரு நாள், தலைமையாசிரியை ராயாவின் அறையில் புதுப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். முப்பத்தெட்டு வயதிருக்கும். நகக்கண்களில் மெஷின் எண்ணெய்க் கறுப்பு.

"பேரு?" என்றாள் இஸ்தாம், நிமிராமல்.

"ஸிவியா. அப்பா பேரு நெரியா கந்தோவ்."

இஸ்தாமின் பேனா நின்றது. நிமிர்ந்தாள். அவன் ஏற்கனவே அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஸ்தாம் ரூபெனோவ்னா," என்றான் மெதுவாக. "நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"பாடம் எடுக்கறேன்."

"கணக்கா?"

"இல்ல. ஓய்வுநாள் சட்டம். எழுத்து. எல்லாம்."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை அது. "ஓய்வுநாளா? அதுவும் நீங்களா? சரிதான்." மகள் பக்கம் திரும்பி, "வா ஸிவி, போலாம்," என்றான்.

"அப்பா, இப்பத்தானே வந்தோம்."

"அட, வான்னா வா."

அவர்கள் போனதும் ராயா கேட்டாள்: "யாருக்கா அது? தெரிஞ்ச ஆளா?"

"என் பழைய மாணவன்," என்றாள் இஸ்தாம். அடுத்த பெயரை எழுதத் தொடங்கினாள்.

நெரியா படித்த சோவியத் காலத்தில் வாரத்தில் ஆறு நாள் பள்ளி. சனிக்கிழமையும் உண்டு. வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி மாலை வரை யூதர்களின் ஓய்வுநாள்; அதில் எழுதக் கூடாது என்பது சமயச் சட்டம். எழுதாவிட்டால் பள்ளியில் விடமாட்டார்கள். அதனால் சில யூத வீடுகளில் வெள்ளி மாலை சூரியன் மறையும் முன் பையனின் வலது சுட்டு விரலில் கட்டுப் போட்டு, காலையில் அனுப்புவார்கள். விரலில் அடி, எழுத முடியாது என்று டீச்சரிடம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விரல் குணமாகிவிடும்.

நான்காம் வகுப்பில் நெரியாவுக்கு மாதத்தில் நாலு தடவை விரலில் அடிபட்டது. இஸ்தாமுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவள் அப்பா சந்தை வாசலில் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுபவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தோழர் இஸ்தாம், உங்க ஆளுங்க பையன்களுக்கு சனிக்கிழமையானா விரல் புண்ணாயிடுது. காரணம் உங்களுக்குத்தான் தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. நெரியாவைக் கரும்பலகைக்கு அழைத்தாள். முப்பத்திரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடுத்து, "எழுது," என்றாள். அவன் எழுதினான்.

இத்தனை வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எபிரேய எழுத்துகளைத் தானே படிக்கத் தொடங்கியது இதனால்தானா என்று சில வேளை தன்னையே கேட்டுக்கொள்வாள். ஆமாம் என்று சொல்லவும் தைரியம் வராது. ஐம்பது வயதில் வேலையில்லாமல் போனதும் ஒரு காரணம்தானே.

ஸிவியாவை அழைத்துவந்து அவன் திரும்பிப் போன மறுநாளே அவன் கடையைத் தேடிப் போனாள். தையல் மெஷின் பழுதுபார்க்கும் சின்னக் கடை. நெரியா ஒரு பழைய மெஷினின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான்.

"உக்காருங்க," என்றான். நாற்காலியில் கிடந்த சாமான்களை எடுக்கவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"நெரியா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி. சொல்லிட்டீங்க."

"உன் பொண்ணு என்ன தப்பு பண்ணா? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. வேற இடம் இல்லையே இந்த ஊர்ல."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "அன்னைக்கு சாயங்காலம் எங்கப்பா என்ன பண்ணாரு தெரியுமா? ஒண்ணும் பண்ணல. திட்டல, அடிக்கல. அடுத்த வெள்ளிக்கிழமை நானே துணியை எடுத்துட்டுப் போய் நின்னேன். 'வேணாம்டா, இனிமே எழுதிக்கோ' ன்னாரு. அதுக்கப்புறம் ஜெபக்கூடத்துக்கு என்னைக் கூப்பிடவே இல்ல. அவர் மட்டும் போவாரு. நான் வாசல்ல நின்னு பாப்பேன். ஒரு அட்சரம்கூட எனக்குத் தெரியாது, இஸ்தாம் ரூபெனோவ்னா. அதனாலதான் எம்பொண்ணாச்சும் படிக்கட்டும்னு வந்தேன். வந்தா நீங்க உக்காந்திருக்கீங்க."

நெரியா திருப்புளியைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? முப்பத்திரண்டு பேர் முன்னாடி அவுத்தீங்க. புதன்கிழமை எங்கப்பாவுக்கு யுஷ்வோ. ஊர்ல மிச்சமிருக்கறவங்க எல்லாரும் வருவாங்க. அங்க வந்து சொல்லுங்க. சொன்னீங்கன்னா யோசிக்கறேன்."

யுஷ்வோ என்பது இறந்தவரின் நினைவு விருந்து. பழம், காய், ரொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஆசி சொல்லிச் சாப்பிடுவார்கள். நடுவில் யாராவது எழுந்து பேசுவார்கள். அங்கே சொன்னது மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ராயாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போகாதீங்கக்கா. உங்க வகுப்புல மொத்தம் பதினொரு பிள்ளைங்க. நாலு வீட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டா வகுப்பையே மூடணும். அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இல்ல."

ஓஷர் ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா ராயா, நான் கட்சிச் செயலாளருக்கு சனிக்கிழமை சனிக்கிழமை சவரம் பண்ணேன். கையும் நடுங்கல. கழுத்து என் கத்திக்குக் கீழதான் இருந்துச்சு. யாராச்சும் என்னை வகுப்பை விட்டுப் போகச் சொன்னீங்களா?"

"நீங்க வேற அண்ணா. நீங்க யார் விரலையும் அவுக்கல."

"அதுவும் சரிதான்," என்றார் ஓஷர். பிறகு இஸ்தாமைப் பார்த்தார். "தங்கச்சி, போறதா இருந்தா பசியோட போ. பேசி முடிச்சதும் சாப்பிட முடியாது."

புதன்கிழமை மாலை அவள் போனாள். ஆண்கள் ஒரு மேசை, பெண்கள் ஒரு மேசை. ஆப்பிளும் திராட்சையும் முடிந்து, முள்ளங்கிக்கு ஆசி சொல்லியாயிற்று. நெரியாவின் அப்பா பின்ஹாஸைப் பற்றி ஒருவர் பேசினார். நல்ல மனிதர், பருத்தி ஆலையில் காவல்காரர், யார் வம்புக்கும் போகாதவர் என்றார். அவர் உட்கார்ந்ததும் இஸ்தாம் எழுந்தாள். பெண்கள் மேசையிலிருந்து யாரும் எழுந்து பேசுவது வழக்கமில்லை. ஒரு கிழவர், "யாரும்மா அது?" என்றார்.

"ரூபெனோட பொண்ணு. கணக்கு டீச்சர்," என்றார்கள்.

சொன்னாள். ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் சிரித்ததை, தானும் சிரித்ததை, கட்டை அவிழ்த்ததை. வகுப்பில் பாடம் எடுப்பது போல வரிசையாகச் சொன்னாள். வேறு மாதிரி பேச அவளுக்குத் தெரியாது. ஆண்கள் மேசையில் ஒருவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் பேரன் அவள் வகுப்பில் இருந்தான். நெரியா தன் முன்னாலிருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான் அவன் கேட்டது. அவள் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் உட்காரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அது நெரியாவுக்கே தெரியாது," என்றாள். "அன்னைக்கு நான் குடுத்த கணக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலை ஏழால வகுக்கறது. இருநூத்தி எழுபத்திரண்டுன்னு போட்டான். அது சரி. நான் அவன் நோட்டுல ஐந்துக்கு ரெண்டு போட்டேன். தப்புன்னு வகுப்புல சொன்னேன். தப்பா எழுதியிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும். அவன் சரியா எழுதிட்டான். அதை என்னால தாங்க முடியல."

நெரியா நிமிர்ந்தான்.

"சரியா?" என்றான்.

"சரி."

"இருபத்தேழு வருஷமா எனக்குக் கணக்கு வராதுன்னு நினைச்சிட்டிருக்கேன். கடைக் கணக்கை என் பொண்டாட்டிதான் பாக்கறா."

பெண்கள் மேசையில் அவன் மனைவி, "அதுக்கு இதுதான் காரணம்னு சொல்லித் தப்பிக்கலாம்னு பாக்காத. நீ சோம்பேறி," என்றாள்.

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு கிழவர் சிரித்தார். நெரியா சிரிக்கவில்லை. ஆனால் சோறும் கறியும் வந்தபோது அவனே ஒரு தட்டை எடுத்துவந்து இஸ்தாம் முன்னால் வைத்தான். ஓஷர் சொன்னது சரி. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

எல்லோரும் கிளம்பும்போது வாசலில் அவளை நிறுத்தினான்.

"ஞாயித்துக்கிழமை ஸிவியா வருவா. எழுத்து, கதை எல்லாம் நீங்களே சொல்லிக்குடுங்க. கணக்கும் சேத்து. ஆனா ஓய்வுநாள் பாடம் மட்டும் நீங்க எடுக்கக் கூடாது. அதை ஓஷர் எடுக்கட்டும். அது எனக்கு ஒத்துக்கல. என்னைக்காச்சும் ஒத்துக்குமான்னு தெரியல."

அந்த வகுப்புக்காகத்தான் அவள் அதிகம் படித்திருந்தாள். அவளுக்குப் பிடித்த பாடமும் அதுதான். ஆனாலும் மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நிம்மதியாக இருந்திருக்குமா என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் என்றுதான் புரியவில்லை.

"நியாயம்தான்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு போனவரின் பேரன் வரவில்லை. ஸிவியா வந்திருந்தாள். வகுப்பை மூட வேண்டியதில்லை என்று ராயா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துச் சொன்னாள்.

முதல் வகுப்பு ஓஷருடையது. இஸ்தாம் தாழ்வாரத்தில் நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது. ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகளை ஓஷர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். உழுவது, விதைப்பது, அறுப்பது, நெய்வது, எழுதுவது. நடுநடுவே சவரக் கடைக் கதை ஒன்று. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மொத்தம் முப்பத்தாறு," என்று முடித்தார் ஓஷர்.

முப்பத்தொன்பது. இஸ்தாமின் கை கதவு வரை போனது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். தப்பான விடை காதில் விழுந்தால் உடம்பு தானாக நகரும்.

கையை இழுத்துக்கொண்டாள். இடைவேளையில் அவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், அவரே பிள்ளைகளிடம் திருத்தட்டும் என்று, தாழ்வாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.