சிவப்புத் துணி கட்டிய செடி

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் வீரம்மாவுக்குத் துரையிடம் பயமில்லை, கங்காணியிடமும் பயமில்லை. குளவி என்றால் மட்டும் குலை நடுங்கும். போன வருடம் கொட்டியதில் முகம் வீங்கி, மூச்சடைத்து, பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு தடவை கொட்டினால் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதிலிருந்து தூக்கத்தில்கூடக் கையை உதறுகிறாள்.

கொட்டிய அன்றும் அந்தச் செடியில் சிவப்புத் துணி கட்டித்தான் இருந்தது. உள்ளே கூடு இருக்கிறது, தொடாதே என்பதற்கு அதுதான் அடையாளம். வீரம்மா அதைப் பார்க்கவில்லை. கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று லயத்து வீடுகளில் எல்லோருமே கேட்டார்கள். எங்கே வைப்பாள், கொழுந்தில்தான். வெளிர்பச்சை எங்கே மின்னுகிறதோ அங்கேதான் பறிக்கிறவள் கண் தாவும், கையும் கூடவே போகும். மற்ற நிறமெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு நிறமே இல்லை.

இன்று காலை, மருமகள் கிருஷாந்தி பறிக்கும் நிரையிலேயே ஒரு கூடு. கங்காணி செல்லசாமி துணியைக் கட்டிவிட்டார். சாயங்காலம் எரித்துவிடலாமாம்.

"அந்தத் துணி கண்ணுல படாதுங்க கங்காணி" என்றாள் வீரம்மா.

"குருடிக்கும் தெரியும், போ."

மருமகளிடமும் சொன்னாள்.

"தெரியும் அத்த, எத்தன தடவ சொல்லுவீங்க?"

போன வருடம் வீரம்மாவும் தெரியும் என்றுதான் சொன்னாள்.

பகலில் எல்லோரும் கொழுந்து நிறுக்கப் போனதும் அவள் மட்டும் திரும்பி வந்தாள். அந்தச் செடியில் கொழுந்தே இல்லாவிட்டால் மருமகள் கை அதற்குள் போகாது. ஆனால் யாராவது அதைப் பறித்தாக வேண்டுமே. செடி அசையாமல் ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். அடியில் ரீங்காரம் கேட்டது. பயத்தில் சேலை நனைந்துவிட்டது. ஒரு குளவி வந்து மணிக்கட்டில் உட்கார்ந்து, மெல்ல நடந்தது. அழவும் பயமாக இருந்தது, அழுதால் தோள் குலுங்கும். அது பறந்த பிறகு மீதியையும் கிள்ளினாள்.

பிற்பகலில் கிருஷாந்தி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பறித்து இறங்கினாள். அந்தச் செடிக்கு முன்னால் கை நின்றது.

"எந்த மூதேவியோ என் நெரையில கொழுந்தத் திருடியிருக்கா அத்த. அவ கை வெளங்குமா?"

துணி அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. திட்டிக்கொண்டே அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

பக்கத்து நிரையில் வீரம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டட்டும், ஆயுசு முழுக்கத் திட்டட்டும் என்றிருந்தது.