மெயில் நின்ற வாரம்

எங்கள் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் உண்டு என்று சொன்னால் சேலத்தில் இருக்கும் என் தம்பி இன்றும் சிரிப்பான். "ஊரு உலகமே ஓசில கெடைக்கறத வெச்சு ஓட்டுது. நீங்க மட்டும் மலைமேல தனியா தபாலாபீஸ் நடத்துறீங்களாக்கும்" என்பான். நான் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். நான் பிறந்து படித்து வேலைக்கு வந்தது எல்லாம் இங்கேதான். சர்வர் என்றால் ஹோட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர் என்று நினைத்திருந்த எனக்கு, அதைப் பற்றி நாலு வார்த்தை எழுதத் தெரிந்ததற்குக் காரணம் எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர்.

அவர் சேலத்துக்காரர், என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர். என்னை அக்கா என்பார். நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். ஹாஸ்டல் பிள்ளைகள் வீட்டுக்கு மெயில் எழுத வேண்டும், பக்கத்தில் விளம்பரம் ஒன்றும் வரக்கூடாது என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் ஆசைப்பட்டார். "பண்ணிரலாங்க சிஸ்டர்" என்று டீச்சர் சொன்னார். நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, தானே படித்துப் படித்து அமைத்தார். முதலில் நாங்கள் அனுப்பியதெல்லாம் போகிற இடத்தில் குப்பை மெயிலோடு போய் விழுந்தது. ஏன் என்று கேட்டேன்.

"நம்ம பேரச் சொன்னா நம்ம இன்டர்நெட் நம்பர் தெரியோணும், நம்பரச் சொன்னா பேர் தெரியோணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் அந்தப் பக்கம் நம்மள நம்புவாங்க. புதுசா குடிவந்த ஊட்டுக்காரங்களப் பாக்கற மாதிரிதானுங்க அக்கா" என்றார்.

இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவர்களிடம் போனில் மன்றாடி அந்த ஒத்துப்போதலை வாங்கினார். நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வரே ஒரு கையெழுத்துப் போடும்படியும், அந்தக் கையெழுத்து சில நாளைக்கு மட்டும் செல்லும்படியும் செய்து வைத்தார். அதன்பிறகு எங்கள் மெயில் எங்கும் தடையில்லாமல் போனது. நன்றாக நடக்கிற ஒன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாங்களும் பேசவில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் இடியோடு வந்தது. ஒரு மத்தியானம் விழுந்த இடியில் பள்ளி வளாகத்தில் மின்சாரம் போய், இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரவுட்டர் கருகியிருந்தது. டீச்சர் அலமாரியிலிருந்த இன்னொரு ரவுட்டரை மாட்டினார். விளக்குகள் எரிந்தன, இன்டர்நெட் வந்தது. எல்லாம் சரி என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகு யாருக்கும் மெயில் வரவில்லை. நான் சிஸ்டருக்கு அனுப்பினால் பக்கத்து அறையிலிருக்கும் சிஸ்டருக்கே கிடைக்கவில்லை. வெளியே அனுப்பியதில் சில திரும்பி வந்தன, சில எங்கே போயின என்றே தெரியவில்லை. சிஸ்டர் சேலத்தில் ஒரு கம்பெனிக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும், பழைய மெயில் போனாலும் போகலாம் என்று பார்க்காமலேயே சொன்னார்கள்.

"ஒரு நாள் குடுங்க சிஸ்டர்" என்று டீச்சர் கேட்டார். "என்ன ஆச்சுன்னு தெரியாம அழிச்சுட்டா, மறுபடியும் அதேதான் ஆவும்."

சிஸ்டர் யோசித்தார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க டீச்சர்" என்றார்.

மறுநாள் காலையில் நானும் அந்த அறைக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. தனியாக விட மனசில்லாமல் பிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் சில்வர் ஓக் மரங்கள் அரைகுறையாகத் தெரிந்தன. டீச்சர் கீபோர்டைத் தொடாமல் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தாலும் சர்வர் அதைத் தேதி போட்டு ஒரு வரியாக எழுதி வைக்குமாம். இன்றைய தேதியில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடினார். ஒரு வரிகூட இல்லை. நேற்றைக்கும் இல்லை. இடி விழுந்த நாளோடு நின்றுபோயிருந்தது.

"எழுதவே முடியல போலிருக்குதுங்க. இடம் தீந்துபோச்சோ என்னமோ" என்று பார்த்தார். இடம் தாராளமாக இருந்தது. டிஸ்க் கெட்டிருக்குமோ என்று சோதித்தார். கெடவில்லை. ஒவ்வொன்றும் இல்லை என்று ஆக ஆக எனக்குத்தான் பதற்றம் கூடியது. அவர் முகத்தில் எரிச்சல் என்பதே இல்லை. ஒரு சந்தேகத்தை முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். இரண்டை ஒன்றாக மாற்றிப் பார்க்கவே மாட்டார்.

முதல் இடைவேளை மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். அவளை எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். கரைக்கு வந்தால் போன் செய்வார். கடலில் இருக்கும்போது மெயில்தான். ஞாயிறு தவறாமல் அந்த வாரம் கப்பலில் என்ன சமைத்தார் என்று எழுதுவார். அதை அவள் ஹாஸ்டலில் சத்தமாகப் படிப்பாள், சேலத்தில் இருக்கும் அம்மாவுக்கும் போனில் படித்துக் காட்டுவாள். அந்த வாரம் வங்கக் கடலில் புயல் என்று பேப்பரில் போட்டிருந்தது.

"மிஸ், அப்பா மெயில் வரவே இல்லை" என்றாள். கண் சிவந்திருந்தது.

நான் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "கப்பல் கம்பெனில நல்லாருக்கார்னு சொல்லிட்டாங்களாமே கண்ணு. அம்மாதான சொன்னாங்க?"

"அம்மா என்னை அழவேண்டாம்னு சும்மா சொல்றாங்க மிஸ்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "படிக்காத மெயில் ரெண்டு இருக்குன்னு மட்டும் காட்டுது. ஆனா ஒண்ணையும் காணோம்."

நானாக இருந்தால், பிள்ளை பயத்தில் ஏதோ சொல்கிறாள், கிளாசுக்குப் போ சாமி என்று அனுப்பியிருப்பேன். டீச்சர் நாற்காலியை முழுதாகத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"திருப்பிச் சொல்லு கண்ணு. எப்பருந்து ரெண்டு?"

"திங்கக்கிழமைல இருந்து மிஸ். அதுக்கு முந்தி எல்லாத்தையும் படிச்சுட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்ப வந்திருக்குது" என்றார் டீச்சர். "வந்து எங்கியோ கெடக்குது. வா, தேடலாம்."

அவளையே உட்கார வைத்து அவளுடைய மெயிலைத் திறக்கச் சொன்னார். மேலே புதிதாக ஒன்றும் இல்லை. பக்கம் பக்கமாகக் கீழே போனார்கள். கடைசிப் பக்கத்தில், அவள் பள்ளியில் சேர்ந்தபோது நாங்கள் அனுப்பிய வரவேற்பு மெயிலுக்கும் அடியில், இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. இரண்டும் அவள் அப்பாவிடமிருந்து வந்தவை, புயல் என்பதால் வழக்கத்துக்கு ஒன்று கூடுதல். பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தால் அவள் அப்போது பாலர் பள்ளிக்குக்கூடப் போயிருக்க மாட்டாள்.

டீச்சர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "அக்கா, நேரம்! மெஷினுக்கு நேரம் தப்பிப்போச்சுங்க! நான் இன்னைக்குத் தேதியிலயே தேடிட்டு இருந்தா எப்படிக் கெடைக்கும்?"

அந்தப் பெண் அதற்குள் மெயிலைப் படிக்க ஆரம்பித்திருந்தாள். புயலுக்கு முன்னாலேயே கப்பலைத் திருப்பி வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்களாம். அலையில் பாத்திரம் அடுப்பில் நிற்காததால் மூன்று வேளையும் எல்லோருக்கும் ரொட்டியும் வாழைப்பழமும்தானாம். கேப்டனும் அதையேதான் சாப்பிட்டாராம். படித்து முடித்து மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். டீச்சர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி என்னிடம் காப்பியைக் காட்டினார். பிளாஸ்க் மூடியில் ஊற்றி அவளுக்குக் கொடுத்தேன்.

காரணம் பிறகு விளங்கியது. மின்சாரம் இல்லாதபோதும் கம்ப்யூட்டருக்கு நேரம் மறக்காமல் இருக்க உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது செத்துப்போயிருந்தது. அப்படியே ஆனாலும் இன்டர்நெட்டில் நேரத்தைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். மாற்றிப் போட்ட ரவுட்டர் அந்த ஒரு கேள்வியை மட்டும் வெளியே விடாமல் தடுத்திருந்தது. வருகிற மெயிலெல்லாம் பழைய தேதியில் போய் உட்கார்ந்தது. போகிற மெயிலில் கையெழுத்து காலாவதியாகிவிட்டது என்று சிலர் திருப்பி அனுப்பினார்கள்.

"அப்ப நேரத்த மாத்திருங்க டீச்சர், முடிஞ்சுது" என்றேன்.

"மாத்தினா கெட்டுதுங்க அக்கா. போகாம நிக்கற மெயில் ஒரு கூட்டமே இருக்குது. இப்ப நேரத்தத் தள்ளி வெச்சா, இதெல்லாம் வருஷக்கணக்கா நிக்குதுன்னு நெனச்சுட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிரும்."

எனக்கு இன்றும் மறக்காதது அந்த இடம்தான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் யாருக்கும் கை துறுதுறுவென்று இருக்கும். அவர் மெயில் ஓட்டத்தை நிறுத்தினார். நின்றிருந்த மெயில்களைப் பத்திரமாகத் தனியே எடுத்து வைத்தார். பிறகுதான் ரவுட்டரைத் திறந்துவிட்டு நேரத்தைச் சரிசெய்தார். தனியே வைத்தவற்றைப் புதிதாக வந்தவை போலத் திரும்ப வரிசையில் விட்டார். திரையில் 'போய்ச் சேர்ந்தது' என்ற வரிகள் ஒவ்வொன்றாக இன்றைய தேதியோடு ஓட ஆரம்பித்தபோது, எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டியும் விட்டேன்.

பேட்டரி வாங்க ஒண்டிக்கடை பஜாருக்கு நான் போனேன். வாட்ச் கடைக்காரர் பழையதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கார் சாவிக்குங்களா?" என்றார்.

"இல்லைங்க, மெயிலுக்குங்க" என்றேன். அவர் ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் சிஸ்டரிடம் சொல்லப் போனோம். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். டீச்சர் முடிக்கவில்லை. அந்த வாரம் வந்து பழைய தேதிகளில் புதைந்திருந்த மெயில்களையெல்லாம் எடுத்து, வந்த நாளிலேயே கொண்டுவந்து வைத்தார். வெளியே போய் யார் கண்ணிலும் படாமல் கிடக்கக்கூடிய மெயில்களை அனுப்பியவர்களிடம், ஆள் ஆளாகப் போய்ச் சொன்னார். "உங்க மெயில் போயிருச்சுங்க, ஆனா அவங்க பெட்டில அடியில கெடக்கும். ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க" என்று ஸ்டாஃப் ரூமில் நின்றுகொண்டு சொன்னபோது யாரும் கோபப்படவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்பதையும் மறைக்காமல், எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணால்தான் கண்டுபிடித்தேன் என்பதையும் மறக்காமல் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவள் அப்பாவின் மெயில் பட்டியலின் உச்சியிலேயே வந்தது. திங்கட்கிழமை எங்களிடம் ஓடிவந்து படித்துக் காட்டினாள். 'நீ போன வாரம் அனுப்பின மெயிலை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். தேதியைப் பார்த்தால் நீ தொட்டிலில் படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். அப்போதே இவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாயே' என்று இருந்தது. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு மகளை அழைத்துப்போக அவள் அப்பாவே வந்தார். ஒல்லியான, கூச்சமான மனிதர். டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு ஹாஸ்டல் சமையல்கட்டுக்குள் போனவர், அன்று மத்தியானம் மொத்தப் பள்ளிக்கும் பிரியாணி போட்டார். டீச்சர் சைவம். அவருக்கு மட்டும் தனியாக, சின்னச் சட்டியில் காளான் போட்டுச் செய்து, தானே கொண்டுவந்து வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து டீச்சரின் கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை மாறியது. போகும் முன்பு மாதக்கணக்கில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் என் கையாலேயே செய்யவைத்தார். "ஒருத்தர நம்பி ஒரு பள்ளிக்கூடத்து மெயில் நிக்கக்கூடாதுங்க அக்கா" என்பார். இப்போது சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். போன மழைக்கு ஒரு சிக்கல் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு முதலில் வெறுமனே பார்த்தேன். ஒவ்வொரு சந்தேகமாகத் தீர்த்தேன். சரியானபிறகுதான் கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன்.

"என்னாச்சுங்க அக்கா?" என்றார் பதறிப்போய்.

"ஒண்ணுமில்லைங்க டீச்சர். ஒரு சிக்கல் இருந்துது, சரியாப் போச்சு. உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு" என்றேன்.

"நொம்ப சந்தோசமுங்க அக்கா" என்றவர், என்ன ஆயிற்று, எங்கே பார்த்தேன், எப்படிப் பிடித்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தேன். அடுப்பை அணைக்கச் சொல்லி என் மகளிடம் கையைக் காட்டிவிட்டு, உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.