முள்ளை நம்பாதவர்

தினமும் காலையில் அவர் ஸ்கூட்டரின் பெட்ரோல் மூடியைத் திறந்து, மரக்குச்சி ஒன்றை உள்ளே விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார். பெட்ரோல் அளவு காட்டும் முள் முக்கால் என்கிறது; குச்சியும் அதையேதான் சொல்கிறது. "முள்ளுதான் நல்லாக் காட்டுதே," என்று அவர் மனைவி வாசலில் நின்று சொல்லாத காலை இல்லை. "காட்டும். காட்டுறதுக்கென்ன," என்பார்.

சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் அவர் மெக்கானிக். நான் அங்கே உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் குச்சிக்காரர். எரிபொருள் முள் கோளாறு என்றால் அவரிடம்தான் போகும். ஒயரை விரலால் தடவிக்கொண்டே இறக்கை நெடுக நகர்வார். பேச்சு கிடையாது. அவரோடு டீ குடிப்பதற்குச் சுவரோடு குடிக்கலாம்.

முன்பெல்லாம் வாய் ஓயாத மனிதர். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு விமானத்தில் முள் தாறுமாறாக ஆடியது. இணைப்பைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினார், ஆட்டம் நின்றுவிட்டது. ஏன் ஆடியது என்று தேடாமல் கையெழுத்துப் போட்டார். பறக்குமுன் பைலட் தொட்டியில் அளவுக்குச்சி விட்டுப் பார்ப்பது வழக்கம். இவருக்குத் தம்பி மாதிரி இருந்த அந்தப் பைலட், "நீங்க பாத்தாச்சுல்லண்ணே, அது போதும்," என்று ஏறிவிட்டார். "பாதி டேங்க் காட்டுதே," என்பதுதான் நடுவானில் எஞ்சின் நின்றபோது ரேடியோவில் அவர் கடைசியாகச் சொன்னது. விசாரணையில் இவரைப் பெரிதாகக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

இன்று இன்னொரு விமானத்தில் அதே கோளாறு. இணைப்பைத் துடைத்ததுமே முள் சரியாகிவிட்டது. மேனேஜர் கையெழுத்து வாங்கப் பேனாவோடு வந்து நின்றார். "தானா சரியானது தானா கெடும் சார்," என்று சொல்லிவிட்டு, குச்சிக்காரர் இறக்கையின் அடித்தகட்டைக் கழற்றி, மதியச் சாப்பாட்டையும் மறந்து தேடி, உரசித் தேய்ந்திருந்த ஒயரைப் பிடித்தார். புது ஒயரை நான்தான் எடுத்துக்கொடுத்தேன். எனக்கே கைதட்டத் தோன்றியது. அவர் முகம் மட்டும் அப்படியே இருண்டு கிடந்தது.

அதில் பறக்கவேண்டிய பைலட், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண். பதிவேட்டில் அவர் கையெழுத்தைப் பார்த்தாள். "நீங்க பாத்தாச்சுல்லண்ணே, அது போதும்," என்று கதவைத் திறந்தாள்.

குச்சிக்காரர் ஏணியை இழுத்துவந்து இறக்கையில் சாய்த்தார். அளவுக்குச்சியைத் தன் சட்டை நுனியால் ஈரம் போகத் துடைத்து அவள் கையில் வைத்துவிட்டு, ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.