அண்ணனுக்குத் தெரிந்திருந்தது

திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்தோரு ஆண்டுகளாகியும் சில சொற்கள் என்னை இன்னும் ஏமாற்றிவிடுகின்றன. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "குடும்பத்தில் பாரம்பர்யம் உண்டோ?" என்று கேட்டதும், "உண்டு டாக்டர், நாலு தலைமுறையா ஜவுளி வியாபாரம்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். என் கணவர்தான் குனிந்து, "பரம்பரை வியாதி இருக்கான்னு கேக்காங்க" என்றார். அது கிடையவே கிடையாது என்றேன், இன்னும் பெருமையாக.

எனக்குக் குடலில் புற்றுநோய். நாற்பத்தாறு வயதில் வந்ததால் மரபணுப் பரிசோதனையும் செய்யச் சொன்னார்கள். அறுவை சிகிச்சை முடிந்து, பழவங்காடியில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு மறுபடியும் போகத் தொடங்கிய வாரத்தில் முடிவு வந்தது. பெற்றோர் வழியில் வந்த கோளாறு. உடன்பிறந்தவர்களுக்கும், கோளாறு உள்ளவர்களின் பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. முன்பே தெரிந்தால் குடலை அவ்வப்போது சோதித்து, முளையிலேயே வெட்டி எடுத்துவிடலாம். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். போனில் சொன்னால் பயந்துவிடுவான் என்று, ஆறியும் ஆறாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி அம்பாசமுத்திரம் போனேன்.

நான் நீட்டிய தாளை அண்ணன் வாங்கவில்லை. "தெரியும்ளா" என்றான்.

"என்ன தெரியும்?"

"எனக்கும் உண்டு. மூணு வருசத்துக்கு முன்னால மதுரையில பாத்தது."

அப்போது மூலத்துக்கு ஆபரேஷன் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தான். நானும் போய்ப் பார்த்தேன். கட்டிலருகே உட்கார்ந்து, காரம் சேர்க்காதே என்று புத்தி சொன்னேன். தலையாட்டினான். உடன்பிறந்தவளிடம் கொடுக்கச் சொல்லி மதுரை டாக்டர் எழுதித் தந்த கடிதம் அன்றைக்கே அவன் பீரோவில் இருந்திருக்கிறது. இப்போதுதான் எடுத்துக் காட்டினான். ஒட்டிய உறைகூடப் பிரியவில்லை.

"மாலதிக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருந்தோம். வெளிய தெரிஞ்சா எவன் கெட்டுவான்?"

"நான் வெளியாளாண்ணே?"

"நீ கேரளாக்காரி ஆயிட்டேல்லா. ஒங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களைக் கேட்கிறேன். அண்ணன் மகள் மாலதியின் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் அத்தை முறை செய்ய நான் வேண்டும். உயிர் பிழைக்கிற சேதியைச் சொல்ல மட்டும் நான் மலையாளத்தாளா? மூன்று வருடம் முன்பு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு முளையோடு போயிருக்கும். எனக்கு ஒரு முழம் குடல் போயிற்று.

"மாலதிகிட்ட நீயே சொல்லு. ஒரு மாசம் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். மாதம் முடிந்தது. அவன் சொல்லவில்லை.

"ஒங்கண்ணனோடதச் சொல்ல நமக்கு உரிமையில்ல. ஒன்னோடதச் சொல்லலாம்லா" என்றார் என் கணவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மாலதியைப் போனில் கூப்பிட்டு, என்னுடையதை மட்டும் சொன்னேன்.

டெஸ்டின் பெயரை அவள் இரண்டு முறை கேட்டாள். பிறகு, "அத்தே, அப்பாவுக்கும் உண்டா?" என்றாள்.

"அத அப்பாகிட்ட கேளு."

சொல்லாமல் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. மறுநாள் அண்ணன் போனில் கத்தினான். "எம்மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்ட. இனி இந்த வாசப்படி ஏறாத."

மூன்று வாரம் கழித்து மாலதியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'டெஸ்ட் எடுத்தாச்சு அத்தே. ரிசல்ட்ட யாருக்கும் சொல்லுறதா இல்ல.' எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. யார் சொல்லி எடுத்தாய் என்று தட்டச்சு செய்தேன், அழித்தேன். அவள் உடம்பு, அவள் முடிவு. அது புரிகிறது. ஆனால் கோபம் அடங்க மாட்டேன் என்கிறது.

போன வாரம் செக்கப்புக்குப் போனேன். புதிதாக வந்திருந்த டாக்டர் ஒரு தாளில் என் குடும்பத்தை வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். என் வட்டத்தைக் கறுப்பாக்கி, கீழே என் பெயரை மலையாளத்தில் எழுதினார். பக்கத்தில் அண்ணனுக்கான சதுரத்தில் பேனாவை ஊன்றி, "சேட்டனு உண்டோ?" என்றார்.

"அறியில்லா" என்றேன், தெரியாது என்று.

அண்ணன் என்னிடம் தமிழில் மறைத்ததை, அவனுக்காக நான் மலையாளத்தில் மறைத்தேன். டாக்டர் சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு ஸ்கேலை வைத்து, எங்கள் இரண்டு பேரையும் சேர்க்கும் கோட்டை அழுத்தி இழுத்தார்.