ஆறரை ‘எதுக்கு’

வெர்லின் ஸ்டோர்டால் இறந்து ஏழு வாரம் கழித்து அவன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. தபால்காரிக்கு அதைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. சாலையோரம் சாலைத் துறையின் தார் வண்டியோடு நின்றிருந்த தம்பி பால்மரைப் பார்த்ததும் காரை நிறுத்தி, அதை ஜன்னல் வழியாக நீட்டினாள். கையில் வாங்கியதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு சின்னப் பொட்டலத்தில் அந்தக் கனம் எஃகுக்குத்தான் வரும்.

மூன்று நாள் அவன் அதைப் பிரிக்கவில்லை. கொட்டகையில் லேத் இயந்திரத்தின் மேல் வைத்திருந்தான். காலையில் ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் ஏறும்; மதியம் இறங்கிப் போய்விடும். வேலை முடிந்து வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி இருப்பான்.

அண்ணனும் தம்பியும் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து கண்ட கனவு அது. மான்டானாவில் கடைத் தோட்டா எதை வாங்கினாலும் எல்க் மான் விழத்தான் செய்யும். ஆனாலும் நூறு வேட்டைக்காரர்களில் ஒருவனுக்கு அது போதாது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு தோட்டா தன்னிடம் இருக்க வேண்டும் அவனுக்கு. வெர்லின் அந்த ஒருவன். ஊரெல்லாம் கிடைக்கும் தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, நீளத்தைக் குறைத்து, கழுத்தை ஒடுக்கி, கழுத்துக்குக் கீழே சரியும் தோளை நிமிர்த்தி, ஆறரை மில்லிமீட்டர் குண்டு ஒன்றை அதன் வாயில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். அது காற்றுக்கே தெரியாமல் போக வேண்டும், சுடுகிறவன் தோளையும் உதைக்கக் கூடாது. வெர்லின் சாப்பாட்டு மேசையில் படம் போடுவான். பால்மர் எட்டிப் பார்த்து, “இது லேத்ல வராது” என்பான். அண்ணன் அழித்துவிட்டு மறுபடி போடுவான். காபியோடு அந்தப் பக்கம் வரும் வெர்லினின் மனைவி கொரீன் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: “எதுக்கு?”

நான்காம் நாள் பால்மர் பார்சலைப் பிரித்தான். உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ரீமர். துப்பாக்கிக் குழலுக்குள் தோட்டா அமரும் அறையைக் குடைகிற கருவி அது. வெர்லின் போட்ட படம் அப்படியே எஃகாக மாறி வந்திருந்தது. இப்படிப்பட்ட ரீமரின் காம்பில், செய்கிறவர்கள் அந்தத் தோட்டாவின் பெயரைப் பொறித்து அனுப்புவார்கள். சொந்தமாகத் தோட்டா வடிக்கிறவன்தான் அதற்குப் பெயரும் சூட்டவேண்டும். சகோதரர்கள் இருவரும் பெயரைப் பற்றிப் பேசி முடிக்கவே இல்லை. ஆர்டர் எழுதிய அன்று வெர்லின் தனியாக முடிவு செய்திருக்கிறான் போலும். பால்மர் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தான். ‘6.5 எதுக்கு’.

முதலில் சிரித்தான். பிறகு ரொம்ப நேரம் ரீமரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் வாங்கி வைத்திருந்த புதுக் குழலை லேத்தில் பூட்டி அறையைக் குடைய இரண்டு சனி, ஞாயிறு பிடித்தது. மயிரளவு உள்ளே விட வேண்டும், வெளியே எடுக்க வேண்டும், சுருள் துகளைத் துடைக்க வேண்டும், எண்ணெய் தடவி மறுபடி விட வேண்டும். அவசரப்பட்டால் ரீமர் கீச்சென்று கத்தும். பொறுமையாக இருந்தால் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பில் பால்மர் எங்கோ போய்விடுவான். ஜன்னலுக்கு வெளியே கோதுமை மஞ்சளாகிக்கொண்டிருக்கும். அது இந்த வருடத்துக் கோதுமையா, அவனும் வெர்லினும் சின்னப் பையன்களாக ஓடித் திரிந்த வருடத்துக் கோதுமையா என்று ஒரு கணம் பிடிபடாது.

ஆகஸ்டில் கொரீன் கொட்டகைக்கு வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவள். மாவுக் கை இல்லாமல் அவளைப் பார்ப்பது அபூர்வம்.

“பால்மர், இருக்கியா?”

“இல்லன்னா போயிடுவியா?”

“மாட்டேன். ஃப்ரீசர்ல போன வருஷத்து எல்க் ரெண்டு பொட்டலம்தான் மிச்சம். பொண்ணுங்க ரெண்டும் ஓநாய் மாதிரி தின்னுதுங்க. அவன் இருந்தா நான் இதைக் கேட்டே இருக்க மாட்டேன்.”

“நான் கொண்டுவரேன்.”

“எதால? இதாலயா?” அவள் குழலைத் தாடையால் காட்டினாள். “உங்கப்பா துப்பாக்கி எங்க அலமாரியில கிடக்கு. அது நாப்பது வருஷமா கறி போடுது. அதை எடுத்துக்கோ. எனக்குக் கறி வேணும், கதை வேணாம்.”

“ஒரு எல்க்காவது விழுந்தாத்தான் கொரீன் இது தோட்டா. இல்லன்னா வெறும் படம்.”

“விழலன்னா?”

பால்மர் துணியை எடுத்துக் குழலைத் துடைத்தான்.

“விழலன்னா மார்ச் மாசம் மூணு பேரும் தட்டோட உன் வாசல்ல வந்து நிப்போம். உன் சமையலைத் தின்னு சாவோம்.”

பேசிக்கொண்டே அவள் குழலின் அருகில் வந்துவிட்டாள். அதன் பக்கவாட்டில் பால்மர் தோட்டாவின் பெயரை எழுத்தச்சு வைத்து அடித்திருந்தான். அடித்தே ஆக வேண்டும். கூட்டின் அடியில் பழைய தோட்டாவின் பெயர்தான் இருக்கும், அதை யாரும் அழிப்பதில்லை. எதில் எதைப் போடுவது என்று குழல்தான் சொல்ல வேண்டும். மாற்றிப் போட்டவன் கண்ணை இழப்பான். கொரீன் குனிந்து படித்தாள்.

“யார் வச்ச பேரு?”

“அவன்தான்.”

அவள் கட்டைவிரலால் அந்த எழுத்துகளைத் தேய்த்தாள். மாவு கொஞ்சம் பள்ளத்தில் ஒட்டி, எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. “கோணலா அடிச்சிருக்கே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்தது பித்தளை. ஒரே பெட்டியிலிருந்து ஐம்பது கூடுகளை வெர்லின் பொறுக்கி வைத்திருந்தான். அச்சில் அழுத்தினால் கழுத்து ஒடுங்கும், ஆனால் தோள் கூர்மையாக நிமிராது. அதற்கு அந்த வட்டாரத்தில் ஒரு வழி உண்டு. குண்டில்லாமல், கொஞ்சம் வெடிமருந்தின் மேல் கஞ்சிக்குப் போடும் கோதுமை ரவையை நிரப்பி, மெழுகால் வாயை அடைத்து, வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளை உப்பி, அறையின் வடிவத்தைத் தானே வாங்கிக்கொள்ளும்.

மளிகைக் கடை நடத்தும் மேவிஸ் ரவைப் பெட்டியை எடுத்து வைத்து, “கஞ்சியா? உடம்பு சரியில்லையா, இல்ல துப்பாக்கிக்கா?” என்றாள்.

“துப்பாக்கிக்குத்தான்.”

“அப்ப சர்க்கரை வேணாம்.”

செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், குழலைத் துப்பாக்கியில் பூட்டி எடுத்துக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் இருந்த மேட்டில் நின்று ஒவ்வொன்றாகச் சுட்டான். ஒவ்வொரு வெடிக்கும் வெண்மையாக ஒரு துகள் மேகம் எழுந்தது. அது காற்றில்லாத வானத்தில் அப்படியே நின்று, மெல்ல மெல்ல அவன் தொப்பியிலும் தோளிலும் புல்லிலும் இறங்கியது. வறுத்த கோதுமை வாசனை. ஊருக்கெல்லாம் யாரோ காலைக் கஞ்சி வைப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு கூடும் வெளியே குதித்ததும் ஓடிப்போய் எடுத்து, சூடு ஆறுமுன் விரலால் அதன் தோளைத் தடவிப் பார்ப்பான். ஏழு கூடு வெடித்துக் கிழிந்துவிட்டது. நாற்பத்து மூன்று தேறியது. அந்த நாற்பத்து மூன்றுக்கு வெளியே அப்படி ஒரு கூடு பூமியில் இல்லை. அன்று மாலை வரை அவன் தலைமுடியில் ரவை இருந்தது, அவன் தட்டிவிடவில்லை.

மருந்தின் அளவைக் குறைவில் தொடங்கிச் சிறுகச் சிறுக ஏற்றி, சுட்ட நான்கு குண்டும் ஒரு சட்டைப் பொத்தான் அகலத்துக்குள் விழும் அளவை அக்டோபரில் கண்டுபிடித்தான்.

ஆனால் வேட்டைப் பருவம் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. பனி சீக்கிரமே வந்துவிட்டது. குளிர்காலத்தில் சாலைத் துறைக்குப் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பனி நாளில் விடுமுறை ஏது? ஐந்து வாரத்தில் மூன்றே நாள்தான் மலைக்குப் போக முடிந்தது. மூன்று நாளும் வெறுங்கை. கடைசி ஞாயிறு விடிவதற்குள் கொரீன் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையோடு அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“நீ எங்க?”

“சுமக்க ஆள் வேணாமா? இன்னிக்குப் பொழுது சாஞ்சா சீசன் முடிஞ்சுது. உன்னைத் தனியா விட்டா நீ துப்பாக்கியைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருப்ப.”

பத்து மணிக்கு மேல், மலை முதுகுக்கு எதிர்ச்சரிவில், முப்பது எல்க் பனிமூட்டத்துக்குள்ளிருந்து நடந்து வந்தன. கால்கள் தெரியவில்லை. உடல்கள் மட்டும் வெள்ளையில் மிதந்து வந்தன. அவனிடம் இருந்தது பெண் எல்க்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு. பால்மர் பையின்மேல் துப்பாக்கியைச் சாத்திப் படுத்தான். இருநூறு கஜம். மந்தையின் பின்பக்கம் தனித்து நின்ற ஒன்றின் விலாவில் குறியை வைத்து மூச்சை விட்டான்.

வெடித்தது. தோளில் உதையே இல்லை, யாரோ தட்டிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. கை தானாக, சுட்ட கூட்டை வெளியே தள்ளும் போல்ட்டை இழுத்தது. பித்தளைக் கூடு வலப்பக்கம் பறந்து பனியில் ‘சுஸ்’ என்று புதைந்தது. பால்மரின் கண் அதோடு போனது. தலையைத் திருப்பி, கையுறையைக் கழற்றி, அந்தச் சின்னத் துளைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினான். நாற்பத்து மூன்றில் ஒன்று. கிடைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையில் மூடிக்கொண்டு நிமிர்ந்தான்.

சரிவில் ஒன்றும் இல்லை. வெறும் பனி, அதன் குறுக்கே மந்தையின் குளம்புகள் உழுதுபோட்ட தடம்.

“என்னாச்சு?” என்றான்.

“அதை நான் உன்னைக் கேக்கணும்” என்றாள் கொரீன்.

“நான்... கூட்டைப் பாத்துட்டேன்.”

கொரீன் அவனையும் அவன் மூடிய கையையும் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்.

“அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரே அச்சுல போட்டு அழுத்தியிருக்காங்க” என்றாள். “கல்யாணமான புதுசுல நாலு வருஷம் நான் அவனோட மலைக்கு வந்தேன். ஒரு தடவைகூட அவன் எதுவும் விழுந்ததைப் பாத்ததில்ல. சுட்டதும் கூட்டைப் பொறுக்கக் குனிஞ்சிடுவான். நான்தான் பாக்கணும். நான் வரலன்னு சொன்னப்புறம் எப்படிச் சமாளிச்சானோ தெரியல.”

“நீ பாத்தியா?”

“முதுகு கூன் போட்டுச்சு. மத்ததெல்லாம் இடப்பக்கம் ஏறுச்சு. அது மட்டும் வலப்பக்கம் இறங்குச்சு, அந்தப் பட்ட மரத்துக்குக் கீழ.”

அடிபட்டது எங்காவது படுக்கட்டும் என்று வழக்கப்படி அரைமணி காத்திருந்தார்கள். பிறகு சரிவைக் கடந்து போய்ப் பார்த்தால், அது நின்ற இடத்தில் ரத்தம் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. பால்மர் குனிந்து பனியைக் கையால் விலக்கிப் பார்த்தான். குண்டு மிக மெல்லியது. தன் அப்பாவின் பழைய துப்பாக்கியாக இருந்தால் இப்போது சந்தேகமே இருந்திருக்காது. அவன் மந்தை போன திக்கையே பார்த்தான்.

“இடப்பக்கம் போய்ப் பாத்துடலாம் கொரீன். அத்தனை தடமும் அங்கதான் போகுது.”

“நான் பாத்தேன். நீ பாக்கல.”

“பனிமூட்டத்துல நீ—”

“ஃப்ரீசர் என்னோடது. வலப்பக்கம்.”

அவள் முன்னால் நடந்தாள். பட்ட மரத்தைத் தாண்டியும் வெறும் தடம்தான். நூறு அடி, இன்னும் நூறு அடி. மூட்டம் அவர்களைச் சூழ்ந்து, முன்னே போகிறவளின் ஆரஞ்சு நிறம் மட்டும் மங்கலாக அசைந்துகொண்டிருந்தது. பால்மருக்குத் தான் எங்கே நடக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. இப்படியே ஒருவர் பின் ஒருவராக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்க்கொண்டிருக்கலாம் போலிருந்தது. பிறகு கொரீன் நின்றாள். ஒரு இளம் தேவதாருவின் கிளையில், இடுப்பு உயரத்தில், சிவப்பாக ஒரு தீற்றல்.

அதற்கு அப்பால் முப்பது அடியில் அது படுத்திருந்தது. கால்களை மடித்து, தலையை வேரின்மேல் சாய்த்து, களைத்துத் தூங்குகிற மாட்டைப்போல. அதன் முதுகில் பனி விழ ஆரம்பித்திருந்தது. உடம்பில் சூடு மிச்சம் இருந்ததால் விழ விழக் கரைந்தது.

பால்மர் சுற்றி வந்து, நீளக் குச்சியால் கண்ணோரம் தொட்டுப் பார்த்து, உயிர் இல்லை என்று தலையசைத்தான்.

கொரீன் பனியில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றி, இரண்டு கையையும் அதன் கழுத்து மயிருக்குள் மணிக்கட்டுவரை விட்டுக்கொண்டாள். அழுதாளா என்று அவன் பார்க்கவில்லை.

“நல்ல கனம்” என்றாள். “அடுத்த குளிர் வரைக்கும் வரும்.”

“நாலு நடை சுமக்கணும். இருட்டிடும்.”

“இருட்டட்டும்.” அவள் நகரவில்லை. “ஏப்ரல்ல, அந்த ஆர்டர் போடத்தான் போல, அவன் எங்கிட்ட நூறு டாலருக்கு மேல வாங்கினான். ‘எதுக்கு?’ன்னு கேட்டேன். ‘ஆமா, அதுதான்’னு சொன்னான். கேக்கறதுக்குப் பதில் சொல்லாம இது என்ன பேச்சுன்னு ரெண்டு நாள் சண்டை போட்டேன், பால்மர்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் அந்தப் பெரிய மிருகத்தின் இரு பக்கமும் உட்கார்ந்து, மூட்டத்துக்குள் வெகு நேரம் சிரித்தார்கள். பிறகு பால்மர் கத்தியை எடுத்தான். கொரீன் அதன் பின்னங்காலை விரித்துப் பிடித்துக்கொண்டாள். வேலையைத் தொடங்கினார்கள்.