ஓம் என்று சொல்ல முடியாத கேள்வி

காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. “மிஸ், எங்கடை பெரிய மிஸ் மோசம் போட்டா. நான் பக்கத்திலைதான் இருந்தனான்.” பேசியது சமிந்த. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் மாத்தறைச் சிங்களப் பிள்ளை. சாவுச் செய்தியை அச்சொட்டாக நாரந்தனைக்காரர் சொல்வதைப் போலவே சொன்னார். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்தத் தமிழில் பாதி, அந்தப் பெரிய மிஸ், எங்கள் யோகம் அக்கா, ஏசி ஏசிப் பழக்கியது.

எங்கள் தாதியர் கல்லூரியில் படித்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவரிடம் ஏச்சு வாங்காமல் யாரும் வெளியேறியிருக்க முடியாது. கூடப் படிப்பித்தவள் என்பதால் எனக்கும் தாராளமாகவே கிடைத்தது. பிறந்த ஊர் தீவுப்பகுதியில் உள்ள நாரந்தனை. ஓய்வு பெற்றதும் அங்கேயே போய் இருந்துகொண்டார். படிப்பித்த காலம் முழுக்க அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். தீவுப்பகுதி ஆஸ்பத்திரிகளில் தாதியர் தங்குவதில்லை. வருகிறவர்கள் பெட்டியை அவிழ்க்கும் முன்பே இடமாற்றத்துக்கு எழுதிப் போடுவார்கள். தீவுப் பிள்ளைகளோ இந்தப் படிப்புக்கு வருவதே அரிது.

தெற்கில் உள்ள ஒரு தாதியர் கல்லூரியோடு சேர்ந்து பிள்ளைகளைப் பயிற்றுவிக்கலாம் என்ற யோசனையை அவர் கொண்டுவந்தபோது, எங்கள் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர்கள் தீவுக்கு வருவார்கள், நாங்கள் அவர்களுடைய ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்பதுதான் திட்டம். “தமிழ் தெரியாத பிள்ளையள் நெடுந்தீவிலை போய் என்ன செய்யிறது?” என்று ஒருவர் கேட்டார். “தமிழ் தெரிஞ்ச நீர் நெடுந்தீவிலை எவ்வளவு காலம் வேலை செய்தனீர்?” என்று திருப்பிக் கேட்டார் யோகம் அக்கா. கேட்டவர் தன் தேநீரில் கவனம் செலுத்தத் தொடங்கினார்.

தெற்குக் கல்லூரி அதிபர் ஒரே ஒருமுறை செய்து பார்க்கச் சம்மதித்தார். தானும் கூட வருவதாகவும், திருப்தி இல்லையென்றால் அதோடு நிறுத்திவிடுவதாகவும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நெடுந்தீவுக்குப் போகக் குறிகாட்டுவான் துறையில் படகு ஏறும்போது பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்துதான் இருந்தார்கள். சிங்களப் பிள்ளைகள் ஒரு பக்கம். எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். எங்கள் கல்லூரியில் படித்த மன்னார் முஸ்லிம் பிள்ளையும் மலையகப் பிள்ளையும் தனியாக ஒரு மூலையில். அன்று கடல் சரியில்லை. பாதி வழியில் குமட்டிச் சத்தி எடுக்காத ஆளில்லை. யாருடைய தலையை யார் பிடித்தார்கள், யாருடைய முகத்தை யார் துடைத்தார்கள் என்று பார்க்க எவருக்கும் நேரமில்லை. “முதற் பாடம் முடிஞ்சுது வசந்தி” என்று என் காதில் சொன்னார் யோகம் அக்கா. அவர் மட்டும் திடமாக இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் சீனி வருத்தத்தால் காலில் புண் வந்த ஒரு அம்மா இருந்தார். தெற்கிலிருந்து வந்த சமிந்தவையும் எங்கள் மண்டைதீவுப் பிள்ளை பிரியாவையும் அவரிடம் அனுப்பினோம். சமிந்த மாதக்கணக்கில் பாடமாக்கிய கேள்விகளைத் தமிழில் கேட்டார். “மருந்துக் குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?” “ஓம் தம்பி.” “நல்லா நித்திரை வருதா?” “ஓம் தம்பி.” “கால் இப்ப சுகமா?” “ஓமோம்.” பக்கத்தில் நின்ற பிரியாவுக்கும் இதில் எந்தக் குறையும் தென்படவில்லை. அதிபருக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

யோகம் அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அந்த அம்மாவுக்கு அருகில் இருந்தார். “அம்மா, கடைசியா எப்ப குளிசை போட்டனீங்கள்?” என்றார். அம்மா சேலையை இழுத்துக் காலை மூடினார். பிறகு, “அது முடிஞ்சு கனநாள் பிள்ளை. கால் நோவிலை கிளினிக்குக்கு நடந்து வர ஏலாமப் போச்சு” என்றார். “அப்ப ஏன் ஓம் எண்டனீங்கள்?” “அந்தத் தம்பி பாவம். எவ்வளவு தூரத்திலையிருந்து வந்து எங்கடை பாசையிலை கேக்குது. இல்லையெண்டு சொல்ல மனம் வரேல்லை.”

சமிந்தவின் முகம் வெளிறிப்போனது. நான் சிங்களத்தில் சொன்னதைக் கேட்டு அதிபரின் முகமும் மாறியது. மொழிப் பிரச்சினை வரும் என்று தான் பயந்தபடியே நடந்துவிட்டதாகவும், நோயாளிகளை வைத்துப் பரீட்சித்துப் பார்க்கக்கூடாது என்றும் சொன்னார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். யோகம் அக்கா மட்டும் அசையவில்லை. “பிள்ளையின்ரை தமிழிலை பிழையில்லை, மிஸ். கேட்ட கேள்வியிலைதான் பிழை. பிரியா கேட்டிருந்தாலும் இந்த அம்மா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பா. எங்கடை பிள்ளையளை உங்கடை ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ. பிறகு நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுவம்.” நான் அதையும் சிங்களத்தில் சொன்னேன். அதிபர் அரை மனதோடு தலையாட்டினார்.

பிரியா தெற்கே போனார். அங்கே ஒரு வயோதிபர், பிரியா சிங்களத்தில் கேட்ட அத்தனைக்கும் “ஓவ் துவ, ஓவ் துவ”, அதாவது ‘ஓம் மகள், ஓம் மகள்’ என்று அன்பொழுகத் தலையாட்டினாராம். அதிபர் தானே ஒரு கதிரையைப் போட்டு இருந்து விசாரித்ததில், அந்த ஐயா ஒரு குளிசையும் விழுங்கவில்லை என்பது வெளியே வந்தது. அன்று அதிபர் தொலைபேசியில் சிரித்த சிரிப்பு எங்கள் அறை முழுக்கக் கேட்டது. பயிற்சி நிற்கவில்லை. இரண்டு கல்லூரிகளிலும் ஒரே சட்டம் வந்தது: நோயாளியிடம் ஓம் என்ற பதில் வரக்கூடிய கேள்வி கேட்கக்கூடாது, நின்றுகொண்டும் கேட்கக்கூடாது. “நிண்டு கேட்டால் நீர் போகப்போறீர் எண்டு அவைக்குத் தெரியும்” என்பார் யோகம் அக்கா.

படித்து முடித்த சமிந்த தானே ஊர்காவற்றுறையைக் கேட்டு எடுத்து வந்தார். இங்கே யாரோ பெண்பிள்ளை இருக்கிறாள் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். காரணத்தை அவரிடமே கேட்டபோது, “எனக்கு மனவருத்தம் வரக்கூடாதெண்டு எனக்காகப் பொய் சொல்லுற சனம், மிஸ். இவையை விட்டிட்டு எங்க போறது?” என்றார். பிரியா நயினாதீவு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அங்குள்ள அம்மனிடம் வருகிறவர்களும் புத்த விகாரைக்கு வருகிறவர்களும் மயங்கி விழுந்தால் அவரவர் மொழியிலேயே விசாரிக்கிறார். இருவருமே இதுவரை இடமாற்றத்துக்கு எழுதவில்லை. இதை யோகம் அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கடைசியாக, நோயில் கிடந்த அவரை ஊர்காவற்றுறை வாட்டில் பார்க்கப் போனேன். “இவன் என்ரை சட்டத்தை எனக்கே போடுறான்” என்று முறைப்பாடு செய்தார். விசாரித்தால், சட்டம் போட்ட மனுசியே மருந்து, சாப்பாடு, நித்திரை என்று எதைக் கேட்டாலும் “ஓம் தம்பி” என்று சொல்லித் தப்பப் பார்த்திருக்கிறார். சமிந்த விடவில்லை. கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, “மிஸ், ராத்திரி எத்தினை தரம் எழும்பினீங்கள்?” என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, உண்மையைச் சொல்லத் தொடங்கினார். அந்த முகத்தில் இருந்த நிறைவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவருடைய நினைவாகக் கைக்கடிகாரத்தையோ கண்ணாடியையோ நான் கேட்டு வாங்கவில்லை. எனக்கு அந்தக் கதிரை போதும். வகுப்பில் முதல் நாள் நான் படிப்பிப்பது அதை எப்படி இழுத்துப் போட்டு இருப்பது என்பதைத்தான்.

நாரந்தனையில் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னை விசாரித்தார்கள். “சாப்பிட்டீரோ?” “ஓம்.” “தாங்கிக்கொள்ளுவீர்தானே?” “ஓம்.” எல்லோருக்கும் ஓம். பந்தலின் ஓரத்தில் தனியே இருந்த என்னிடம் சமிந்த வந்தார். ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தார்.

“மிஸ், எங்க நோகுது?”

எனக்கு ஓம் என்று சொல்ல ஏலவில்லை. சொல்லத் தொடங்கினேன்.