பெட்டி போய்ச் சேரும்வரை

அடுத்தவர் பொக்கிஷத்தைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பழைய நாணயம், நோட்டு, தபால்தலை, வீரர் படம் போட்ட கால்பந்து கார்டு எல்லாம் எங்களிடம் வரும். நாங்கள் அமெரிக்காவுக்கு அனுப்புவோம். அங்கே நிபுணர்கள் அசலா என்று பார்த்து, தரத்துக்கு மதிப்பெண் போட்டு (கார்டென்றால் பத்துக்கு இத்தனை), பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். வழியில் தொலைந்தால் பணம் கிடைக்கும்படி, போகவர காப்புறுதி எடுப்பது என் பொறுப்பு. ஒரு பார்சலை அனுப்பிவிட்டுக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

மதிப்பு என்ன?

சலீம் பாய்க்கு ஃபேரர் பார்க்கில் துணிக்கடை. அவருடைய அத்தா வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்து நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். படிவத்தில் மதிப்பு எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதிகமாக எழுதினால் வழியில் எவன் கண்ணிலாவது படும் என்று பயம். பெட்டிமேல் தொகை எதுவும் இருக்காது, குறைத்து எழுதினால் தொலையும்போது குறைவாகத்தான் கிடைக்கும் என்று சொன்னேன். ஏதோ ஒரு சின்னத் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, அதை அடித்துவிட்டு முழு மதிப்பையும் எழுதினார். நான் டேப் ஒட்டி முடிக்கும்வரை பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"குறைச்சு எழுதுனப்போ ஒண்ணும் தெரியல. உண்மையை எழுதுன பிறகுதான்மா கையை எடுக்க மனசு வரல."

சாங்கியில் நான்கு நாள்

ஸ்டெல்லா ஆன்ட்டி ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. மறைந்த கணவர் சேர்த்த ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு தபால்தலையை அனுப்பினார். பெட்டி சாங்கி விமான நிலையம் வரை போனது. அப்புறம் நகரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். திரையில் அதே வரி. ஆன்ட்டி திட்டவே இல்லை, தினமும் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நான்காம் நாள் வேறு வழி தெரியாமல், தொலைந்தாலும் முழுத் தொகையும் வந்துவிடும் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள், முகவரித்தாள் கிழிந்து சரக்குக் கிடங்கில் ஓரமாகக் கிடந்த பெட்டி கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. தோள்பையைக்கூடக் கழற்றாமல் அவரைக் கூப்பிட்டேன். நன்றி சொன்னார். பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டார்:

"காசு வந்துடும்னு சொன்னீங்களேமா, அதை ஆல்பத்துல எந்த இடத்துல ஒட்டியிருப்பேன்?"

என் தப்பு

இது நான் செய்தது. தரம் பார்க்கும் இடத்தில் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை தற்செயலாகப் பார்த்தால், மூன்று பெட்டிகளுக்குக் காப்புறுதி அன்றோடு முடிகிறது. பெட்டிகளோ இன்னும் அங்கேயே இருக்கின்றன. நீட்டிக்கச் சொல்லி எழுத மறந்திருக்கிறேன். காப்புறுதி நிறுவனம் மூட இருபது நிமிடம் இருந்தது. முதல் இரண்டு தடவை போனை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தவர் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். நீட்டித்துவிட்டோம் என்று பதில் வந்த பிறகும் நான் நின்றுகொண்டே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலாளி அந்தோணி நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உட்காரும்மா. பெட்டிக்கெல்லாம் காப்புறுதி இருக்கு, உனக்குத்தான் நான் இன்னும் எடுக்கல."

பத்தும் ஏழும்

விக்னேஷ் பொறியாளர். அவருடைய கால்பந்து கார்டுக்குப் பத்துக்குப் பத்து வரும் என்று நம்பியிருந்தார். ஏழு வந்தது. ஒரு முனை வெளுத்திருந்தது. நான் கட்டியபோது மடங்கியிருக்குமோ? அனுப்பும் முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அப்போதே முனை வெளுத்துத்தான் இருந்தது. அவர் கார்டை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு சிரிக்காமல் கேட்டார்:

"போகும்போது பத்து, வரும்போது ஏழு. வழியில மூணு தொலைஞ்சிருக்கு லா. கிளெய்ம் பண்ண முடியாதா அக்கா?"

அசல்

ராமநாதன் ஐயா முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். இளவயதில் நண்பர் ஒருவரிடம் வாங்கிய வெள்ளி நாணயத்தை அனுப்பினார். பெட்டி போய்வந்த ஏழு வாரமும் அவரைவிட நான்தான் அதிகம் பயந்தேன். கீறல் இல்லாமல் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்: இது போலி.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கடிதத்தையே கையில் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். இதற்குக் காப்புறுதியில் எதுவும் கிடைக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையசைத்தார். நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வழியிலேயே தொலைஞ்சிருந்தா, கடைசிவரைக்கும் அது அசலாவே இருந்திருக்கும்மா."

தொலைந்தால் இவ்வளவு, உடைந்தால் இவ்வளவு என்று எங்கள் படிவத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் இன்னும் யாரும் கட்டம் போடவில்லை.